முள் போட்ட பாதி

எழுபதுகளின் நடுவில் தேனிக்கு வெளியே வீடு கட்டிக் குடியேறினோம். வீட்டுக்குப் பின்னால் பதினெட்டு அடிக்கு இருபத்து நான்கு அடி வெறும் செம்மண். ஆடிக் காற்றில் அந்த மண் அப்படியே வீட்டுக்குள் வந்தது. ஆறு வயது மகளுக்கு இழுப்பு. முதல் ஆடியில் பதினொரு நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தேன்.

மனைவி சிமெண்டுத் தளம் போடச் சொன்னாள். எனக்கு மனமில்லை. அலுவலக வேலையாகக் கடமலைக்குண்டு பக்கம் போனபோது, ஆளைத் தள்ளும் காற்றிலும் மலையடிவாரத்தில் தூசி எழாததைப் பார்த்திருந்தேன். தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல், இடையிடையே கொழுஞ்சி, தும்பை. அதையே வீட்டில் விதைத்தால் என்ன என்று ஒன்பது பேரிடம் கேட்டேன். எட்டுப் பேர் சிரித்தார்கள்.

"ஊருல எல்லாரும் புல்லப் பிடுங்குறாக. நீங்க விதைக்கப் போறீகளாக்கும்" என்றார் பக்கத்து வீட்டு மளிகைக் கடைக்காரர்.

"அடுத்த ஆடிக்குள்ள தரை மூடலைன்னா கொத்தனார் வருவாரு" என்று மனைவி முடித்துவிட்டாள்.

கடமலைக்குண்டில் மாட்டுப்புல் அறுத்து விற்கும் ஒரு பெண்ணிடம் இரண்டு சாக்கு விதை வாங்கினேன். போன வருடத்து விதை. புது விதை லேசில் முளைக்காது என்று அவள்தான் சொன்னாள். பஞ்சு போன்ற அந்த விதை பறந்துவிடாமலிருக்க ஈர மணலில் பிசைந்து, சித்திரை மழை பெய்த மறுநாள் தூவினேன்.

அதன்பின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் இரண்டு முறை, மாலையில் மூன்று முறை போய்க் குச்சியால் கிளறுவேன். ஒரு முழச் சதுரத்தில் எத்தனை விதை, எத்தனை முளை என்று நோட்டில் எழுதுவேன். ஏழாம் நாள், வெள்ளை வேர் விட்ட நான்கு விதைகளை உள்ளங்கையில் வைத்து மனைவியிடம் காட்டினேன்.

"முளைச்சதயும் பிடுங்கிட்டு வந்து காட்டுறீகளே. இனி இது எங்கன முளைக்கும்?"

மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்புவதற்குள் பாதி நிலத்தின் மேல் உடைமுள்ளைப் பரப்பியிருந்தாள்.

"இந்தப் பாதி எம்பொறுப்பு. அங்கன கை வைக்கப்படாது. ஒங்க பாதிய எண்ணிக்கிட்டு இருங்க."

ஆடி வந்தது. முள்ளை மீறிப் புல் முழங்கால் உயரம் எழுந்து கதிர் விட்டிருந்தது. என் பாதியில் மொத்தம் இருபத்தாறு தூர். தூசி அங்கிருந்துதான் கிளம்பியது. மகள் ஆறு நாள் படுத்தாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஈரச் சாக்கைக் கொண்டுபோய் அந்த மண்மேல் விரித்தேன். மனைவி கொத்தனார் பேச்சையே எடுக்கவில்லை. அது இன்னும் உறுத்தியது.

ஐப்பசி முதல் மழைக்கு என் பாதியில் மறுபடி விதைத்தேன். அன்று மாலையே குச்சியைத் தேடினேன். மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடலூரில் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே பதினாறு நாள் இருந்தேன்.

"வந்ததுலருந்து குமுளிக்குப் போற ஜீப்ப எண்ணிக்கிட்டு இருக்கியேடா. வீட்டுல எதுவும் சண்டையா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. புல்லு முளைக்கட்டும்னு வந்தேன்."

அவள் அத்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

ஊர் திரும்பியபோது என் பாதியும் பச்சையாக இருந்தது. எண்ண உட்கார்ந்தேன். முதல் சதுரத்திலேயே கணக்கு விட்டுப்போனது.

அடுத்த ஆடியில் மகள் இரண்டு நாள்தான் படுத்தாள். புல்லாலா, வயது ஏறியதாலா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இன்றுவரை எனக்கும் அது தெளியவில்லை.