பனியில் உறையாத எண்ணெய்

ஊட்டியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித்தருகிறேன். வகுப்பு முடிந்தபின் என் வேலை ஈஸ்ட் வளர்ப்பது. ரொட்டியை உப்பவைக்கிற ஈஸ்ட்டுக்குத் தூரத்து உறவு; நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தேயிலைச் செடியின் இலையிலிருந்து நானே பிரித்தெடுத்தது. சர்க்கரையை நிறையக் கொடுத்து மற்றச் சத்துகளைக் குறைத்தால், தின்றதில் பெரும்பங்கைக் கொழுப்பாக உடம்புக்குள் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கொழுப்பைப் பிரித்து மெத்தனாலோடு சேர்த்துப் பக்குவப்படுத்தினால், டீசல் என்ஜினில் ஊற்றக்கூடிய எரிபொருள் கிடைக்கும்.

சர்க்கரைக்கு நான் கடைக்குப் போகவில்லை. கேத்தி பக்கம் ஓர் அக்கா டீசல் என்ஜினில் ஓடும் கேரட் கழுவும் மெஷின் வைத்திருக்கிறார். உடைந்ததும் பிளந்ததுமாகக் கழித்த கேரட் அங்கே ஓரமாகக் குவிந்து கிடக்கும். மாட்டுக்குப் போனது போக மீதியைக் கேட்டேன்.

"எதுக்குங்க டீச்சர், அல்வா கிண்டவா?"

"உங்க மெஷினை ஓட்டறதுக்குங்க அக்கா."

சிரித்துக்கொண்டே மூட்டைகளை என் காரில் ஏற்றச் சொன்னார்.

சாறு பிழிந்து, கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டை விட்டேன். அத்தனை மூட்டைக்கும் கடைசியில் வந்தது ஒரு பாட்டில் எரிபொருள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. புல்லெல்லாம் வெள்ளை பூத்திருந்த ஒரு ஜனவரிக் காலையில் அதைக் கொண்டுபோனேன். அக்கா பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"தேங்காண்ணெய் கணக்கா உறைஞ்சு போச்சுங்களே."

வேலையாட்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வரும் வழியிலேயே காரணம் பிடிபட்டுவிட்டது. ஈஸ்ட்டை முப்பது டிகிரி வெதுவெதுப்பில் வளர்த்திருந்தேன். கதகதப்பில் வளர்வது சீக்கிரம் கட்டியாகும் கொழுப்பைச் சேர்க்கும். குளிரில் வளர்ந்தால், தானே விறைத்துப்போகாமல் இருக்க இளகிய கொழுப்பைச் சேர்க்கும். இந்த மலையின் ஈஸ்ட்டுக்கு நான் சமவெளியின் வெயிலைக் கொடுத்திருக்கிறேன்.

இனிக் குளிரில் வளர்க்கப்போவதாகச் சொன்னதும் எங்கள் துறைத்தலைவர் தயங்கினார். "குளிர்ல வளர்ச்சி ரொம்ப மெதுவாயிடும்மா. எண்ணெயும் குறையும்."

"குறையட்டும் சார். உறையாம இருந்தாப் போதும்."

வெயிலே எட்டிப்பார்க்காத சாமான் அறையை ஒழித்து, குடுவைகளை அங்கே மாற்றினேன். அவர் சொன்னபடியே நாள் அதிகம் பிடித்தது, எண்ணெயும் குறைந்தது. அதில் செய்த எரிபொருளைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, இரவெல்லாம் ஜன்னலுக்கு வெளியே விட்டேன். காலையில் பாட்டில் மேல் பனி படிந்திருந்தது. துடைத்துச் சாய்த்தேன். லேசாக மங்கியிருந்தாலும் தண்ணீராய் ஓடியது.

புது எரிபொருளை முதலில் கலந்து ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. அதனால் கொஞ்சம் டீசல் சேர்த்துக் கொண்டுபோனேன். அக்கா தன் கையாலேயே டேங்கில் ஊற்றினார். என்ஜின்காரர் ஹேண்டிலைச் சுற்றினார். முதலில் வெள்ளைப் புகை, ஒரு திக்கல், பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. மெஷின் உருள, மண்ணோடு போன கேரட் ஆரஞ்சாக வெளியே விழுந்தது. அக்கா தலையைச் சாய்த்து என்ஜின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"சத்தம் மாறலீங்க. புகைதான் கம்மியாத் தெரியுது."

ஒரு லோடு முடிவதற்குள் எரிபொருள் தீர்ந்துவிட்டது.

"தினமும் இதுலயே ஓட்ட முடியுங்களா?"

"இப்ப முடியாதுங்க அக்கா. டீசலைவிடச் செலவு ஜாஸ்தி. ஆனா ஓடும்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிச் செலவைக் குறைக்கிற வேலைதான்."

அதைச் சொல்லும்போது என் குரலில் சந்தேகம் இல்லை. இன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவரே எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். மைக்ராஸ்கோப்பில் ஈஸ்ட்டை வைத்துக் காட்டினேன்.

"முத்து முத்தா மின்னுதே, அதுதான் எண்ணெய்ங்களா?"

"ஆமாங்க."

அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நின்றபடியே குனிந்திருந்தவருக்கு நான் போய் ஒரு ஸ்டூல் எடுத்து வந்து போட்டேன்.