சாவியைத் திருப்பியும் நிற்காத புகை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூலை மாத மதியம், புனேயில் ஔந்திலிருந்து வாகட் போகும் சாலையில் நடந்தது இது. இன்றைக்கும் ரப்பர் கருகும் வாசனை எங்கிருந்தாவது வந்தால் போதும், என் கை தானாகப் பக்கத்து சீட்டைத் தடவிப் பார்க்கும்.

நாங்கள் மேலப்பாளையத்துக்காரர்கள். பிழைப்புக்காகப் புனே வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். கட்டட வேலை நடக்கும் இடங்கள், கல்யாண மண்டபங்கள், அபார்ட்மெண்டுகள் என்று ஒரே நேரத்தில் ஏழெட்டு இடங்களில் என் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனைக்கும் டீசல் ஊற்றியாக வேண்டும். கேன்களில் வாங்கிப் போய், புனல் வைத்து ஊற்றி, பாதியைக் கீழே சிந்தி, சட்டையெல்லாம் நாறிப்போய் வீடு திரும்புவேன். வாசலிலேயே மனைவி மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று என் பிக்கப் வண்டியின் பின்னால் தனியாக ஒரு டேங்க் வைத்துவிட முடிவு செய்தேன். தளேகாவில் ஒரு பட்டறையில் இருநூறு லிட்டர் பிடிக்கிற இரும்பு டேங்க் செய்து வாங்கி, கேபினுக்குப் பின்னால் போல்ட் போட்டு இறுக்கினேன். வண்டியின் கடைசியில் ஒரு இரும்புத் தகட்டை நிறுத்தி அதில் சின்ன பம்ப். வண்டி பேட்டரியிலேயே ஓடும். டேங்கிலிருந்து பம்புக்கு ஒரு ரப்பர் குழாய், பம்பிலிருந்து வெளியே இன்னொரு குழாய். சுவிட்சைத் தட்டினால் பெட்ரோல் பங்கில் அடிப்பது மாதிரி டீசல் அடிக்கலாம். இப்படியெல்லாம் டீசலை ஏற்றிக்கொண்டு சுற்றுவதற்கு என்ன விதி, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அப்போது நான் விசாரிக்கக்கூட இல்லை.

வயரிங் மட்டும் நானே செய்தேன். ஜெனரேட்டர்காரனுக்கு இன்னொருவன் வயர் இழுத்துக் கொடுப்பதா என்ற திமிர். பேட்டரியிலிருந்து தடிமனான வயரை வண்டிக்கு அடியில் கொண்டுபோய், டேங்குக்குப் பக்கத்தில் மேலே எடுத்து, அங்கிருந்து பம்ப் வரைக்கும் டீசல் குழாயோடு சேர்த்து, சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினேன். ஜடை பின்னின மாதிரி அவ்வளவு நேர்த்தி. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன். ஃபியூஸும் போட்டேன். ஆனால் போனால் மாற்றுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று பம்புக்குப் பக்கத்தில் போட்டேன். பேட்டரிக்குப் பக்கத்தில் போட்டால்தான் வயர் முழுவதற்கும் காவல் என்பது எனக்குத் தெரியாததல்ல. பானெட்டைத் திறக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டீசலையும் கரண்டையும் ஒண்ணாச் சேத்துக் கட்டி வச்சிருக்கியளே, தீப்பிடிக்காதா?"

நான் சிரித்தேன். டீசல் பெட்ரோல் மாதிரி இல்லை, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாலும் அணைந்துவிடும் என்று பெரிய வாத்தியார் மாதிரி வகுப்பெடுத்தேன். அவள் பயப்படாத விஷயம் எதுவும் இல்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் கேலி செய்தேன். மூன்று மாதம் எல்லாம் ஜோராக ஓடியது.

அன்றைக்கு மனைவியின் ஸ்கூட்டர் ரிப்பேர். மகளை ஔந்தில் இருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து நான் கூட்டி வர வேண்டியதாயிற்று. அவளுக்கு அப்போது ஏழு வயது. வழியிலேயே வாகட்டில் ஒரு அபார்ட்மெண்ட் ஜெனரேட்டருக்கு டீசல் அடித்துவிட்டுப் போகலாம் என்று டேங்கையும் நிரப்பியிருந்தேன். அவளைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டேன். பெல்ட் விஷயத்தில் நான் கறார். நான் சொல்லும்வரை கழற்றக் கூடாது என்று பழக்கி வைத்திருந்தேன்.

சாலையைப் பாதி அடைத்துத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தகரத் தடுப்பு, அதையொட்டி மணல் குவியல். இருந்த ஒரு வழியில் எல்லா வண்டிகளும் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் ஒரு ஆட்டோவை முந்திக் குறுக்கே நுழைத்தேன். ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி என் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி நாலு வார்த்தை மராத்தியில் சொன்னார். நானும் எனக்குத் தெரிந்த மராத்தியில் திருப்பிக் கொடுத்தேன்.

"வாப்பா, நீங்க சொன்னது தப்பு மராத்தி" என்று மகள் சிரித்தாள்.

அவள் சிரித்து முடிக்கும் முன்பே அந்த வாசனை வந்தது. முன்னால் நின்ற பஸ்ஸின் பிரேக் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். வாசனை உள்ளேதான் இன்னும் கூடியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தால், டேங்க் பக்கமிருந்து கருப்பாகப் புகை.

சட்டென்று சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். இன்ஜின் நின்றது, புகை நிற்கவில்லை. அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நான் இழுத்த வயர் சாவியோடு சம்பந்தமே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகிறது. நடுவில் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. அந்த வயர் சூடாகிக் கொதிக்கிறது, அதைக் கட்டிப்பிடித்தபடி டீசல் குழாய், குழாயின் மறுமுனையில் இருநூறு லிட்டர். என் கையால் நானே சேர்த்துக் கட்டியது. கேபினின் தரையிலிருந்தும் புகை வர ஆரம்பித்தது.

கதவைத் திறந்து குதித்து ஓடினேன். பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி வயரைப் பிடுங்கினால் தப்பித்தோம். கையால் இழுத்தேன், வரவில்லை. ஆட்டத்தில் கழன்றுவிடக் கூடாது என்று நான்தான் அத்தனை இறுக்கமாக முறுக்கியிருந்தேன். ஸ்பானர் பையைக் காலையில் வேலை நடந்த இடத்திலேயே விட்டு வந்திருந்தேன். கொதிக்கிற வயரையே பிடித்து இழுத்தேன். உள்ளங்கை தோல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. வலி தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ "ஆக், ஆக்" என்று கத்தினார்கள். தீப்பிடித்துவிட்டது என்று புரிந்தது. அல்லாஹ், அல்லாஹ் என்றபடி மறுபடியும் இழுத்தேன்.

"பாஜூலா ஹோ" என்று ஒரு கை என்னைத் தள்ளியது. தள்ளிப் போ என்று சொன்னவர் அதே ஆட்டோக்காரர். கையில் பத்தாம் நம்பர் ஸ்பானர். ரெண்டே சுற்று. பேட்டரி வயர் கழன்று தனியாக விழுந்தது. பின்னால் பைக்கில் வந்தவர்கள் நாலைந்து பேர் மணலைக் கையாலும் ஹெல்மெட்டாலும் அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். தீ ஒரு முழ நீளத்துக்குத்தான் பிடித்திருந்தது. அணைந்துவிட்டது.

மூச்சு விட்டேன். அப்போதுதான், ஆமாம், அப்போதுதான் எனக்கு மகளின் ஞாபகம் வந்தது.

கேபினுக்கு ஓடினேன். சீட் காலியாக இருந்தது. பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே புகை மண்டிக் கிடந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தோண்டிய பள்ளத்தில் எட்டிப் பார்த்தேன். நின்ற வண்டிகளுக்கு நடுவே ஓடினேன். எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆள்கள், அவள் மட்டும் இல்லை. அவள் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்ற ஒரே நினைப்பு மண்டைக்குள் சுற்றியது. ஒரு காரின் கண்ணாடியைத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

ஆட்டோக்காரர் வந்து தோளைத் தொட்டார். "போர்கி ரிக்‌ஷாத் ஆஹே." பிள்ளை ஆட்டோவில் இருக்கிறாள்.

நாலைந்து வண்டிகளுக்குப் பின்னால் தள்ளி, ஆட்டோவில் வந்த பயணி அம்மா ஒருவரின் மடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா தன் துப்பட்டாவை நனைத்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மகளை சீட்டில் விட்டு இறங்கி வந்து, நடந்ததை என் காதோடு இந்தியில் சொன்னார். நான் குதித்து முன்பக்கம் ஓடியதைப் பார்த்ததுமே ஆட்டோக்காரர் இறங்கி ஓடியிருக்கிறார். புகைக்குள் பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். நான் சொல்லவில்லையே, எப்படிக் கழற்றுவாள்? அவளைத் தூக்கி வந்து அந்த அம்மாவிடம் கொடுத்து, ஆட்டோவைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும்படி அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

ஆட்டோக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஸ்பானரைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே, "பெஹலே பச்சி, பாத் மே காடி" என்றார். முதலில் பிள்ளை, அப்புறம் வண்டி. திட்டுகிற தொனியே இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் நான் திட்டியதை அவர் மறந்தே போயிருந்தார். வழி விட்டதும் போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை.

பிறகு பிரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. பம்ப் நிற்கும் இரும்புத் தகட்டில் நான் போட்ட ஓட்டையின் விளிம்பு, வண்டி ஆட ஆட வயரின் மேல்தோலை அறுத்துவிட, உள்ளே இருந்த செம்புக் கம்பி இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகியிருந்தது. ஃபியூஸுக்கு ஒரு விரல்கடை முன்னால். ஃபியூஸ் பத்திரமாக இருந்தது. டீசல் குழாயில் வயர் புதைந்து பள்ளம் விழுந்திருந்தது. விரலால் அழுத்தினேன், பொத்துக்கொண்டு டீசல் வந்தது. இன்னும் சில நொடி போயிருந்தால் அத்தனை டீசலும் பற்றியிருக்கும். டேங்கை மறுநாளே கழற்றிவிட்டேன்.

தீப்பிடித்த அன்று சாயங்காலமே வீட்டில் மகள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "வாப்பாதான் என்னைத் தூக்கிட்டு ஓடினாங்க." புகையில் கண்ணை மூடியிருந்தவளுக்கு, தூக்கிய கை என் கையாகத்தான் தெரிந்திருக்கிறது. மனைவி என்னைப் பார்த்தாள். கேலி செய்த என்னைப் பழிவாங்க அவளுக்கு அது நல்ல சந்தர்ப்பம். அவளோ கட்டுப்போட்ட என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். தூக்கியது நானில்லை என்று நான் சொல்லவில்லை.

இந்த மூன்று வருடங்களில் மகள் இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் வாப்பாவின் ஓட்டத்துக்கு வேகம் கூடுகிறது. போன பெருநாளைக்கு ஊரிலிருந்து வந்தவர்களிடமும் சொன்னாள். நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இப்போது எழுதியிருக்கும் இதை நானேதான் அவளை உட்கார வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். அந்த ஆட்டோக்காரருக்கு என்னால் செய்ய முடிந்த கைம்மாறு அது ஒன்றுதான். வாசித்து முடித்ததும் மகள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பாளே, அந்த ஒரு பார்வைக்குப் பயந்துதான் மூன்று வருடமாக இதை எழுதாமல் இருந்தேன்.