அப்பா பச்சை டிக் போட்ட கோச்சிங் கிளாஸ்

வழவழவென்ற அந்த பிராஸ்பெக்டஸில் மெஷின் ஆயில் வாசனை அடித்தது. மூலையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை... அப்பாவுடையது. ஷிப்ட் முடிந்ததும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தில்லைநகர் கோச்சிங் சென்டருக்குப் போய் வாங்கி வந்திருந்தார்.

கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ப்ளஸ் ஒன் முடித்த பிள்ளை என்றால் அடுத்த குறி இன்ஜினியரிங்தான். வேறு படிப்பு இருப்பதாகவே எங்கள் தெருவில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. நான் லா படிக்கிறேன் என்று ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிய வரம் இது.

“ஒரே அட்டெம்ப்ட். என்ட்ரன்ஸ்ல வரலைன்னா இன்ஜினியரிங் கவுன்சலிங். அப்பறம் பேச்சே இல்ல, சரியாம்மா?” என்றார் அப்பா.

சரி என்றேன். ஆக, எந்த கோச்சிங்கில் சேர்கிறேன் என்பதில்தான் என் தலையெழுத்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டெமோ கிளாஸுக்கு இருவரும் போனோம். ஏசி ஹால். கோட் போட்ட ஒரு சார் மைக் பிடித்து மூன்று ஜோக் சொன்னார். முடிவில் எல்லோருக்கும் சமோசா, ஒரு பேனா. அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். “வியாழக்கிழமை லீவு போட்டு சேத்துடறேன்” என்றார்.

எனக்கு என்னவோ உறுத்தியது.

அப்பாவுக்கு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. துவாக்குடி பட்டறைகளிலிருந்து வரும் இரும்புச் சாமான்களைச் சோதித்து, தேறினால் பச்சை மார்க், தேறாவிட்டால் சிவப்பு. சப்ளையர் எடுத்து நீட்டும் பீஸை அவர் தொடவே மாட்டார். குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்து தானே ஒன்றை உருவுவார். இந்தப் பெருமையைச் சாப்பாட்டு நேரத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

அந்த மனுஷன் சமோசாவுக்கு மயங்கிவிட்டாரே...

செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தில்லைநகரில் யாருக்கும் சொல்லாமல் மாடியேறிப் போனால், அந்த ஏசி ஹாலில் பேங்க் எக்ஸாம் கிளாஸ் ஓடிக்கொண்டிருந்தது. கோட் சாரைக் காணோம். கடைசி பெஞ்சில் ஆறு பேர் ஜெராக்ஸ் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதுதான் லா பேட்ச்சாம்.

அதில் ஒரு பெண் ஆயிஷா, பாலக்கரை. “நான் இந்த வாரத்தோட நின்னுடுவேங்க. ஸ்ரீரங்கத்துல ஒரு வக்கீல் மேடம் சாயங்காலம் எடுக்கறாங்களாம். வேணும்னா இப்பவே போய் பாத்துட்டு வாங்க” என்று கிசுகிசுத்தாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தேன்.

சித்திரை வீதிக்குள் ஒரு வீட்டு மாடி. போர்டு கிடையாது. பாயில் ஏழு பேர். கோர்ட் முடிந்து அப்படியே வந்திருந்த ஹேமா மேடம், கழுத்துப் பட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. கோயில் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு விட்ட செருப்பு தொலைந்தால் யார் பொறுப்பு? இதுதான் அன்றைய பாடம். அரை மணி நேரம் அடிதடி. “டோக்கனே குடுக்கலைன்னா, மேடம்?” என்று ஒருவன் கேட்டான்.

மேடம் யோசித்தார். “எனக்கு உறுதியா தெரியலப்பா. பாத்துட்டு நாளைக்கு சொல்றேன்.”

சொல்வாரா என்று பார்ப்பதற்காகவே மறுநாளும் இரண்டு பஸ் மாறிப் போனேன். சொன்னார். பாயில் உட்காருவதற்கு முன்னாலேயே சொன்னார். “செருப்பை வாங்கி வச்சுக்கிட்டாலே பொறுப்பு வந்துடும். டோக்கன் வெறும் சாட்சிதான்.”

அன்று ராத்திரி வீட்டில் விஷயத்தை உடைத்தேன். அப்பாவுக்குக் கோபம்.

“போர்டு கூட இல்லாத எடத்துலயா சேருவ?”

“சப்ளையர் எடுத்துக் குடுக்கற பீஸை நீங்க டெஸ்ட் பண்ணுவீங்களாப்பா?”

டீ கிளாஸ் பாதியில் நின்றது. அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பார்வையை இறக்கவில்லை.

வியாழக்கிழமை அப்பா லீவு போட்டார். தில்லைநகருக்கு இல்லை, ஸ்ரீரங்கத்துக்கு. பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். கடைசியில் கையைத் தூக்கி, “மேடம், செருப்பு மாறிப் போச்சுன்னா?” என்றார். மேடம் சிரிக்காமல் பதில் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் என் நோட்டை வாங்கினார். பாக்கெட்டிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் ஒரு டிக். கீழே இனிஷியல், தேதி.

அந்த வருஷம் தினமும் இரண்டு பஸ், போக வர மூன்று மணி நேரம். மழை, காய்ச்சல், கூட்டம் எதுவும் கணக்கில் இல்லை. மூன்றாவது லிஸ்டில் லா சீட் கிடைத்தது. கடைசி நேரம்தான், ஆனால் கிடைத்தது.

இன்று நான் திருச்சி கோர்ட்டில் வக்கீல். ஹேமா மேடம் சென்னைக்குப் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். எப்போதாவது அந்தத் தெரு வழியாகப் போனால், படிக்கட்டைப் பார்க்காமல் வர முடிவதில்லை.

போன வாரம் அக்கா பெண் போனை நீட்டி, “லா என்ட்ரன்ஸுக்கு எந்த ஆப்ல சேரட்டும் சித்தி?” என்றாள். ஒன்பது ஆப், ஒன்பது டெமோ வீடியோ. பஸ் மாறவே வேண்டாம், பெரிய வசதிதான். ஆனால் ரெக்கார்டு செய்த வகுப்புக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று கிடையாதே. சொல்லாமல் கொள்ளாமல் எந்த மாடி ஏறிப் போய்ப் பார்ப்பது?

ரிட்டயராகி வீட்டிலிருக்கும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லா வீடியோவையும் பார்த்தார்.

“இதெல்லாம் சப்ளையர் குடுத்த பீஸும்மா. அந்த செருப்பு டோக்கன் கேள்வியை ஒவ்வொருத்தருக்கும் அனுப்பு. யாரு என்ன சொல்றாங்கன்னு பாப்போம்.”

ஒன்பது பேருக்கும் அனுப்பினோம். ஒன்பது இடத்திலிருந்தும் உடனே ஒரே மாதிரி நன்றி வந்தது. கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

இன்றோடு ஐந்து நாள். பச்சைப் பேனா இன்னும் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது.