பேசிய பெட்டியை ஊமை என்றேன்

அந்தப் பெட்டி பேசியது. பேசவே இல்லை என்று நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் சேவியர் என்ற மனிதரின் பிழைப்பு போயிற்று. அவருக்கு இன்றுவரை அது தெரியாது... உங்களிடம்தான் முதன்முதலில் சொல்கிறேன்.

நான் கணிதம் படித்தவன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய இறால் குளிர்கிடங்குகளுக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கிடங்கில் குளிர் குறைந்தால் சுவரிலுள்ள சிறு பெட்டி குறுஞ்செய்தி அனுப்பும். என் மென்பொருள் அதை வாங்கி முதலாளியின் கைப்பேசியை அலற வைக்கும். பெட்டிகளைப் பொருத்துபவர் சேவியர்.

குப்பைச் செய்திகளைத் தடுக்க ஒரு விதி வைத்திருந்தேன். அனுப்பும் எண்ணுக்குப் பத்து இலக்கம் இல்லையென்றால் அது பொய் எண், தூக்கி எறி! அந்த விதியில் எனக்கு எத்தனை பெருமை!

பிறகு, இயந்திரங்களுக்கென்றே தனி சிம் வந்தது. அதன் எண்ணுக்குப் பதின்மூன்று இலக்கம்.

"அண்ணாச்சி, புது சிம்மு பதிமூணு நம்பராக்கும். ஒங்க சாப்ட்வேர் ஏத்துக்கிடுமா?" என்று சேவியர் கேட்டார்.

"பத்துக்குப் பதிமூணு வந்தா லாபந்தானவே! போயி மாட்டும். நான் பாத்துட்டேன்."

நான் பார்க்கவில்லை. என் விதியில் ஓட்டை இருக்குமென்று நினைக்கவே மனம் வரவில்லை.

தேர்த் திருவிழா அன்று ஒரு கிடங்கில் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. ஆட்கள் எல்லோரும் தேர் பார்க்கப் போயிருந்தார்கள். மறுநாள் கதவைத் திறந்தபோது அத்தனை இறாலும் நாறிப்போயிருந்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். புறப்படுமுன் கணினியைத் திறந்து பார்த்தேன். ஐயோ! அந்தப் பெட்டி திரும்பத் திரும்பக் கத்தியிருக்கிறது. ஒவ்வொரு கத்தலையும் 'தவறான எண்' என்று என் விதி வெளியே தள்ளியிருக்கிறது.

"ஏன்வே, ஒம்ம பெட்டியும் தேரு பாக்கப் போயிட்டோ?" என்று முதலாளி சேவியரைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செய்தி எதுவும் வரல," என்றேன்.

சேவியர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ? தெரியவில்லை... அவர் சண்டை போடவில்லை.

"அண்ணாச்சி பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். என் கைதான் எங்கயோ தப்பிருக்கு."

தன் கையை விட என் வாயை நம்பினார்!

அன்று மாலையே பதின்மூன்று இலக்கத்தையும் ஏற்கும்படி விதியை மாற்றினேன். ஒரே ஒரு வரி. யாருக்கும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து சேவியர் என் வீட்டுக்கு வந்தார். "எங்க தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. தூக்கம் வரமாட்டேங்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? "ஆன்டெனாவா இருக்கும்வே" என்றேன்.

தான் பொருத்திய பெட்டிகள் அத்தனைக்கும் தன் கைக்காசில் ஆன்டெனா மாற்றினார். அதன்பின் எல்லாப் பெட்டிகளும் ஒழுங்காகப் பேசின. ஏன் பேசின என்று உங்களுக்குத் தெரியும்... அவரோ, பழுதைக் கண்டுபிடித்தது அண்ணாச்சிதான் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனால் எந்த முதலாளியும் அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிடவில்லை.

சென்ற மாதம் ஓர் ஐஸ் ஆலையில் வேலை கேட்டு, என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆலைக்காரர் என்னை அழைத்தார். "சேவியர் ஆளு எப்படி அண்ணாச்சி? நம்பலாமா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. "நல்ல மனுசன்தான்... அந்த ஒரு தடவதான்..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டேன். நிறுத்திய இடமே போதுமானதாக இருந்தது.

நேற்று சேவியர் வந்தார்.

"நீங்க சொல்லியும் வேல தரமாட்டேன்னுட்டான் அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்... கூப்பிடவில்லை.