மணல்காரியின் உலை அறை

மணல்காரி என்ற பேரை முதன்முதலில் என் காதில் போட்டவர் என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா மகனுக்குப் பெண் முடிவாகியிருந்தது.

“பொண்ணு என்ன படிச்சிருக்காம்?” என்று கேட்டேன்.

“மணலாம். மணல்ல இருந்து ஏதோ சில்லு எடுக்கிறாங்களாம். ரேடியோ, கம்ப்யூட்டரு எல்லாத்துக்கும் அதுதான் உசுராம்.”

“அதுக்கு எதுக்கு இத்தனை வருஷம் காலேஜு? ஒரு லாரி வாங்கினாப் போதுமே.”

நாங்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வந்தவளும் கோபித்துக்கொள்ளவில்லை. “லாரிதான் அத்தை இன்னும் வரல” என்பாள்.

தன் வேலையை ஒரு தடவை எனக்கு விளங்கும்படி சொன்னாள். உள்ளங்கை அகலத்தில் பளபளவென்று ஒரு தட்டு. உலையில் வைத்துச் சுட்டால் அதன்மேல் மெல்லிய தோல் படரும். மனுஷ வேர்வையின் உப்பு துளியளவு பட்டாலும் தட்டு மொத்தமும் குப்பை. அதனால் உள்ளே போகிறவர்களுக்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கையில் உறை. அவள் வேலைபார்த்த ஆராய்ச்சி நிலையத்தில், வெறும் கூடமாகக் கிடந்த இடத்தில் அந்த உலை அறையைப் பதினோரு வருஷம் பாடுபட்டு நிறுத்தியவள் அவள்தான். விடுமுறை நாளிலும் அங்கேதான் கிடப்பாள். அங்கே அவள் போட்ட சட்டம் ஒன்றுதான்: வெறும் விரல் பட்டது தெரிந்தால், யாராக இருந்தாலும் மறுபடி உள்ளே வரக்கூடாது. இரண்டு பேரை அப்படி வெளியே அனுப்பியிருக்கிறாள்.

அவள் புருஷன், என் நாத்தனார் மகன், மாரடைப்பில் போனபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அழவில்லை. பத்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் பேசினார்கள். நானும் என் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்தேன். பல வருஷமாகச் சர்க்கரை இருந்தவள், மாத்திரை போடுகிறாளா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதம் உலையிலிருந்து வந்த தட்டெல்லாம் கெட்டுப்போனது. அங்கே உலையைப் பார்த்துக்கொள்ளும் உலைக்காரருக்குக் கை வேர்க்கும். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கியிருந்த மனிதர். சந்தேகம் அவர்மேல் விழுந்து, டைரக்டர் வேலைநீக்கக் கடிதம்கூட அடித்துவிட்டார்.

“ஒரு நாள் பொறுங்க சார்” என்றாள் இவள்.

வழக்கமாக ஒவ்வொரு தட்டும் உள்ளே போகிற ஐந்து பேர் கையும் மாறித்தான் உலைக்குப் போகும். இந்தத் தடவை ஐந்து பேரும் ஆளுக்கொரு தட்டைத் தனித்தனியாக உலையில் வைக்கவேண்டும் என்றாள். அவளும் வைத்தாள். நாலு தட்டு நன்றாக வந்தது. அவளுடையது கெட்டது. உறையைக் கழற்றிப் பார்த்தால் வலது ஆள்காட்டி விரல் நுனியில் கிழிசல்.

“இது எங்க கிழியுது?”

உலைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னாராம். “உலைக்கதவுக் கைப்பிடிக்கு உள்பக்கம் ஒரு பிசிறு இருக்குதும்மா. குத்தும். நாங்க தள்ளிப் பிடிப்போம். உங்களைக் குத்தலையா?”

எல்லார் முன்னாலும் விரலை அந்தப் பிசிறில் வைத்து அழுத்தினாள். ரத்தம் வந்தது. வலி வரவில்லை; சர்க்கரையில் விரல் மரத்துப்போயிருந்தது.

டைரக்டர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். “பிசிறுன்னே எழுதிடலாம் மேடம். பொய்யும் இல்லையே. ராவிவிட்டா முடிஞ்சுது. நீங்க இல்லாம அந்த அறை ஏது?”

“அந்த ரெண்டு பேர்கிட்ட நான் காரணம் கேக்கல சார்.”

தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நுழைவு அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

மறுவாரம் என் சமையலறையில் உட்கார்ந்து, பஸ் வரும் நேரம் சொல்வதுபோல இதையெல்லாம் சொன்னாள்.

“கஷ்டமா இருக்காடி?”

“தெரியல அத்தை. இருக்கணும்தானே?”

உலைக்காரர் முழு மரியாதையோடு ஓய்வுபெற்றார். அவள் இப்போது அதே கட்டடத்தில், தரைத்தளத்தில், மாடியிலிருந்து வரும் சோதனைத் தாள்களைச் சரிபார்க்கிறாள்.