குங்குமம் வைத்த டிடெக்டர்

எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றும் கம்பெனி பேட்டன்ட் வாங்கிய ஒரு கண்டுபிடிப்பு. தேக்குச் சட்டத்தில் பதித்து, மேலே சின்ன விளக்கு போட்டு, வருகிறவர் நின்று படிக்கத் தோதான உயரத்தில் மாட்டியிருப்பார்கள். உள்ளே லேபில் உருப்படியாக ஒரு சால்டரிங் அயர்ன் கிடையாது. இருந்த ஒன்றும் முனை தேய்ந்து மூக்கறுந்து கிடந்தது. புதிது கேட்டால் அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்பார்கள். தகடு அடிக்க மட்டும் அவர்கள் எந்தக் காலாண்டையும் பார்த்ததில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். புனேயில், ஹிஞ்சேவாடியில் பாதிக் கட்டடங்களுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது, மீதியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. வாகடிலிருந்து கம்பெனி வண்டியில் போகும்போது பக்கத்து சீட்டு சாஃப்ட்வேர்க்காரர்கள், "நீங்க எந்த லாங்குவேஜ்?" என்று கேட்பார்கள். சிலிக்கான் என்பேன். அது புதுசா என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். அதற்குப் பிறகு வண்டியில் தூங்கப் பழகிக்கொண்டேன்.

நான் செய்த வேலை இதுதான். சின்னச் சின்னச் சிலிக்கான் சில்லுகளை வரிசை வரிசையாக ஒரு பலகையில் அடுக்குவோம். எக்ஸ்ரே மாதிரிக் கதிர் ஏதாவது ஒரு சில்லில் பட்டால் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கி, எண்ணி, அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்க வேண்டும். இல்லையென்றால் பச்சை. அவ்வளவுதான் சாமான். இதில் ஒரே ஒரு தொல்லை, சிலிக்கானுக்கு எக்ஸ்ரேயும் டியூப் லைட்டும் ஒன்று. வெளிச்சம் பட்டாலும் மின்சாரம் பிறக்கும். அதனால் சில்லுகளுக்கு மேலே மெல்லிய அலுமினியத் தாள் ஒன்றை ஒட்டிவைப்போம். வெளிச்சத்தை அது தடுக்கும், எக்ஸ்ரேயை உள்ளே விடும். அந்தத் தாள் இல்லாவிட்டால் மொத்தச் சாமானும் வெறும் தகரம்.

எங்கள் வைஸ் பிரசிடென்டுக்கு இந்தத் தாளைப் பற்றியெல்லாம் அக்கறை கிடையாது. சென்னைக்காரர். அமெரிக்காவில் நெடுநாள் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன செய்தார் என்று கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் அங்கே எப்படிச் செய்வார்கள் என்று தினமும் சொல்வார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வடா பாவ் வரவழைத்து எல்லோரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு கண்டுபிடிப்பு சொல்லு என்பார். வாயில் பாவ் ரொட்டியோடு மனிதர்கள் கண்டுபிடித்தார்கள். ஒருவர் கேபிளுக்கு நிறம் மாற்றலாம் என்றார். அது பேட்டன்டுக்குப் போயிற்று. முதல் பெயர் எப்போதும் வைஸ் பிரசிடென்டுடையது.

எனக்கு அந்தத் தகடுகள் மேல் ஆசையில்லை. ஆனால் அந்தக் கருவி மேல் ஆசையிருந்தது, அதற்குக் காரணம் வீட்டில் இருந்தது.

என் மனைவி கேம்ப் பகுதியில் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாகப் புனேவாசிகள். அவள் தமிழில் பாதி இந்தி, கொஞ்சம் மராத்தி. அப்போது அவள் ஐந்து மாதம். எக்ஸ்ரே அறைக்கும் அவள் உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிற சின்ன அறைக்கும் நடுவில் ஈயத் தகடு பதித்த கதவு ஒன்று உண்டு. அது கீல் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"தர்வாஜா சரியா பந்த் ஆகமாட்டேங்குது. நானும் சொல்லிச் சொல்லி தக் கயி, அலுத்துப்போச்சு," என்பாள்.

அவள் நெஞ்சில் ஒரு பிலிம் பேட்ஜ் குத்தியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது பரிசோதனைக்குப் போகும். எவ்வளவு கதிர் பட்டது என்று முடிவு வருவதற்குள் உடம்பு வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கி முடித்திருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? நான் செய்கிற கருவி அவள் பக்கத்தில் இருந்தால் கதவு ஒழுகுகிற அந்த நொடியே மணி அடிக்கும். அதற்காகத்தான் வேலை பார்த்தேன். காஸ் லைட் மேண்டிலில் கொஞ்சம் தோரியம் இருக்கும், அதிலிருந்து மெலிதாகக் கதிர் வரும். மண்டயி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் மேண்டில் வாங்கிவந்து கருவி முன்னால் நீட்டினேன். சிவப்பு எரிந்து மணி அடித்தது. எடுத்தேன், பச்சை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு தசரா வந்தது. முதல் நாள் ஆயுத பூஜை. ஆபீஸில் கம்ப்யூட்டர், பிரிண்டர், காப்பி மிஷின் எல்லாவற்றுக்கும் சாமந்தி மாலை. இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் லேத்துக்கும் லாரிக்கும் செய்வதுதான். ஆனால் வைஸ் பிரசிடென்ட் தட்டை வாங்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். கருவியில் எங்கே பொட்டு வைக்கலாம் என்று தேடினார். அதன் நட்டநடுவில் பளபளவென்று ஒரு சதுரம் இருந்தது. அதுதான் அலுமினியத் தாள்.

"சார், அங்க வேண்டாங்க. ஓரமா வைங்க," என்றேன்.

"முகத்துலதானேப்பா பொட்டு வைப்பாங்க," என்று சொல்லி, சந்தனத்தைக் கட்டைவிரலில் எடுத்து அழுத்தி, அதன் மேல் குங்குமத்தையும் அழுத்தினார். தாள் பொத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

பண்டிகை முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கே வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்கள். கருவியைப் போட்டதும், காய்ந்து வெடித்திருந்த சந்தனத்துக்கு அடியிலிருந்த ஓட்டை வழியாக டியூப் லைட் வெளிச்சம் உள்ளே புகுந்து மணி விடாமல் அலறியது. நான் வாயைத் திறப்பதற்குள் வைஸ் பிரசிடென்ட் முந்திக்கொண்டார். இந்தக் கட்டடத்தின் கல்லில் இருக்கிற இயற்கைக் கதிரைக்கூட எங்கள் சென்சார் கண்டுபிடித்துவிட்டது, உலகத்திலேயே இவ்வளவு நுட்பமானது வேறு இல்லை என்று அளந்தார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். எதற்கும் தலையாட்டுகிற ஜாதி அது, எந்த நாட்டிலிருந்து வந்தாலும்.

அவர்கள் போனபின் கருவி மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக் காட்டினேன். மணி நின்றது. துணியை எடுத்தேன், அலறியது.

"ஓட்டைங்க சார். தாளை மாத்தினா முடிஞ்சுது. பதினஞ்சு நிமிஷ வேலை."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தாள் மாத்தறதுக்கு எவன்ப்பா பேட்டன்ட் குடுப்பான்? பெருசா யோசி. அப்புறம், பூஜையில வச்ச குங்குமத்தை யாரும் துடைக்காதீங்க. வக்கீல் வந்து போட்டோ எடுக்கற வரைக்கும் மிஷின் மேல கை வைக்கக் கூடாது."

பெருசாக யோசித்தார்கள். சாஃப்ட்வேர்ப் பையன்கள் இருவரைக் கூப்பிட்டு, கருவி எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையில் சும்மா இருக்கும்போதே பிறக்கிற மின்சாரத்தின் அளவைத் தானே கற்றுக்கொண்டு அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதவைத்தார். மணி நின்றுவிட்டது. எப்படி நிற்காமல் இருக்கும்? வெளிச்சம் உள்ளே வெள்ளமாகக் கொட்டுகிறது, அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் எக்ஸ்ரே துளி எந்த மூலைக்கு? மேண்டிலை நீட்டிப் பார்த்தேன். பச்சை. கருவிக்குக் கண் அவிந்துவிட்டது. குருடானதற்கு அறிவு என்று பெயர் வைத்து விண்ணப்பம் போட்டார்கள். அதில் என் பெயரைச் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். டீம் ஸ்பிரிட் போதாது என்று வருடாந்தர மதிப்பீட்டில் எழுதினார்கள்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் வைஸ் பிரசிடென்ட் தோளில் தட்டினார். "உனக்கு சர்ப்ரைஸ். ட்ரையலுக்கு உன் ஒய்ஃப் ஆஸ்பத்திரியிலேயே மாட்டியாச்சு."

அன்று சாயங்காலம் மனைவி பையை வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே வேலையிலிருந்து ரெக்கார்ட் அறைக்கு மாற்றித் தரச் சொல்லி அவள் கேட்டிருந்தாள். சூப்பரின்டென்டென்ட் சம்மதித்தும் இருந்தார். இப்போது முடியாது என்றுவிட்டாராம்.

"உன் ஹஸ்பண்ட் கம்பெனி மிஷின்தானே, நாள் பூரா பச்சையாத்தானே எரியுது, பின்ன எதுக்கு டர், என்ன பயம்னு கேக்காரு. நான் என்ன சொல்லட்டும்?"

"அது செத்த மிஷின்னு சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்க. எனக்கு லீவு வேண்டாம், சலுகை வேண்டாம். ஒழுகுதா இல்லையான்னு தெரியணும். பஸ், அவ்வளவுதான்."

என் வாழ்நாளில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. கூடவே பயம். நான் செய்த சாமானையே காட்டி என் பிள்ளையை அந்தக் கதவுப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவளோடு போனேன். சூப்பரின்டென்டென்டிடம் மடிப்புக் கலையாதது வெள்ளைக் கோட்டு ஒன்றுதான்; பேச்சு, தலைமுடி, ரிஜிஸ்டர் எல்லாம் கலைந்திருக்கும். அவர் முன்னால் மேண்டிலைக் கருவியிடம் நீட்டினேன். பச்சை. பார்த்தீர்களா என்றேன். பச்சைதானே, நல்லதுதானே என்று இந்தியில் சொன்னார். இவரிடம் விளக்கிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று. மனைவியின் டிபன் பாக்ஸைத் திறந்து சப்பாத்தி சுற்றியிருந்த அலுமினியத் தாளை எடுத்தேன். எண்ணெயைத் துடைத்தேன். கருவியின் முகத்திலிருந்த குங்குமம், சந்தனம், கிழிந்த தாள் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, சப்பாத்தித் தாளை இரண்டாக மடித்துச் சுற்றி டேப் ஒட்டினேன். கருவியை அணைத்து மறுபடி போட்டேன், அறையின் பூஜ்யத்தை அது புதிதாகக் கற்றுக்கொண்டது. மேண்டிலை நீட்டினேன். சிவப்பு எரிந்து மணி அடித்தது. எடுத்தேன், பச்சை.

இப்போது கருவியை மனைவி உட்காருகிற ஸ்டூல் பக்கத்தில் வைத்தேன். அவளை வெளியே காரிடாரின் கோடியில் போய் நிற்கச் சொன்னேன். எக்ஸ்ரே அறையில் யாருமில்லை. கதவை எவ்வளவு சாத்த முடியுமோ அவ்வளவு சாத்தினேன். "பொத்தானை நீங்களே அழுத்துங்கள் சார்," என்றேன்.

பெரிய மனதோடு ஸ்டூலில் உட்கார்ந்து அழுத்தினார். கருவி சிவப்பாகி ஓங்கி அலறியது. ஒரே தாவல், மனிதர் காரிடாரில் நின்றார். அந்த உடம்புக்கு அவ்வளவு வேகம் உண்டென்று யாரும் நினைத்திருக்க முடியாது. கோட்டும் மடிப்புக் கலைந்தது.

மனைவி கோடியிலிருந்து மெல்ல நடந்து வந்தாள். "நான் தினம் அங்கதான் சார் உட்கார்றேன்," என்று இந்தியில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

உடனே அவளை ரெக்கார்ட் அறைக்கு மாற்றுகிறேன் என்றார். அவள் இடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் போடலாம், மணிச் சத்தத்தில் நோயாளிகள் மிரளுவார்கள், அதை மட்டும் அணைத்துவிடலாம் என்றும் அதே மூச்சில் சொன்னார். தான் தாவியது அதற்குள் அவருக்கு மறந்துவிட்டது. மனைவி எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கதவு சரியாகிறவரை நானும் உள்ளே போகமாட்டேன், வேறு யாரும் போக முடியாது என்றாள். என்னிடம், "நீங்க ஆபீஸ் போங்க. அந்த மிச்ச சப்பாத்தி மட்டும் குடுத்துட்டுப் போங்க," என்றாள். மறுநாள் மத்தியானம் தச்சர் ஈயத் தகட்டோடு வந்து சேர்ந்தார். கீல் மாற்றி, தகடு பதித்து, பொத்தான் அழுத்திப் பார்த்தபோது கருவி பச்சையில் இருந்தது. அந்தப் பச்சையை நான் நம்பினேன்.

ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். "குங்குமத்தை யாருப்பா அழிச்சது?" என்பதுதான் முதல் கேள்வி. கதவு ஒழுகியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நடந்ததை நான் சொல்லச் சொல்ல வைஸ் பிரசிடென்டின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். கொஞ்ச நாளில் சுவரில் இன்னொரு தகடு ஏறியது. இருந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒளித் தடுப்பு உறை, சிலிக்கான் கதிர்ச் சென்சார் வரிசைகளுக்கானது. முதல் பெயர் அவருடையது. தாள் மாற்றுவதற்கும் பேட்டன்ட் உண்டு போலும். வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்துச் சிரித்து, வயிறு வலிக்கிறது என்று படுத்துவிட்டாள்.

மாசி மாதம் பெண் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததும் நான் துணியைப் பிரித்து விரல் விரலாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேஜை அருகே நின்றாள். மேஜையில் அவள் ஆஸ்பத்திரிக்கென்று நான் செய்த புதுக் கருவி இருந்தது. பிள்ளை மாலையிலிருந்து சாமந்தியைப் பிய்த்து வாயில் வைக்கப் பார்த்தது. வைஸ் பிரசிடென்ட் தட்டோடு வந்தார். போன வருடத்திலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாத அதே கட்டைவிரல், சந்தனத்தில் தோய்ந்து, பளபளக்கிற சதுரத்தை நோக்கி இறங்கியது. நான் அதன் மேல் என் கையை வைத்து மூடினேன். கையை எடு என்றார். எடுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் திட்டவும் முடியவில்லை.

என் புறங்கையில் குங்குமத்தை வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.