வால் முளைத்த கோப்பு

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை 'லேபிள்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணில் பட்டதற்கெல்லாம் சீட்டு ஒட்டுவாள். கணினிகளும் இயந்திரங்களும் அவள் பொறுப்பு. பெரிய பரிசோதனை இயந்திரத்தின் முதுகிலும் ஒரு சீட்டு உண்டு: அதை இயக்கும் மென்பொருள் தொகுப்பின் பெயர், பைட் கணக்கில் அளவு, கீழே எழுத்தும் எண்ணுமாக அறுபத்துநான்கு. அந்த வரிசைக்கு ஹாஷ் என்று பெயர். கோப்பின் கைரேகை மாதிரி; உள்ளே ஒரு பைட் மாறினாலும் வரிசையே வேறாகிவிடும்.

ஒரு நாள் இயந்திரத்தின் கணினி வட்டு படுத்துவிட்டது. தொகுப்பு இருந்த குறுந்தகடு எப்போதோ கீறிப்போயிருந்தது. இயந்திரத்தைச் செய்த கம்பெனியும் மூடி ஆறு வருடம். நிலையத்தை நடத்தும் அவளுடைய தாய்மாமா, இணையத்தில் எங்கிருந்தோ அதே பெயரில் ஒன்றைப் பிடித்துவந்தார். அவள் ஹாஷ் எடுத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை.

"பேரு அதேதானேம்மா?"

"பேரு யாரு வேணா வெச்சுக்கலாம் மாமா. சர்க்கரை இருக்கிறவருக்கு இல்லேன்னு காட்டினா நீங்களா பதில் சொல்வீங்க?"

 மாமா, இயந்திரத்தை எடுத்துப்போகத் திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வருவார், அதுவரைக்கும் பார் என்றார்.

தொகுப்பின் நகல் உள்ளே கிடக்கும் என்று சனிக்கிழமை காலையே செத்த வட்டைத் தோண்ட உட்கார்ந்தாள். மீட்பு மென்பொருள் நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகளை வாரிப் போட்டது. எதற்கும் பெயர் மிஞ்சவில்லை, வெறும் எண்கள். எல்லாவற்றுக்கும் ஹாஷ் எடுத்துச் சீட்டோடு ஒப்பிட்டாள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மாமா எட்டிப் பார்த்து, போதும், வீட்டுக்குப் போ என்றார். அவள் நகரவில்லை.

ஞாயிறு காலை சீட்டில் அந்த அளவு கண்ணில் உறுத்தியது. மீட்ட கோப்புகளில் அந்த அளவில் ஒன்றுமே இல்லை. வட்டு கோப்புகளைக் கட்டம் கட்டமாக வைக்கும். கடைசிக் கட்டத்தில் மிச்சமிருந்த இடமும் கோப்போடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருக்கிறது!

சீட்டிலுள்ள அளவை அடுத்த முழுக் கட்டத்துக்கு ஏற்றித் தேடினாள். பதினொரு கோப்புகள். ஒவ்வொன்றையும் சரியான அளவுக்கு நறுக்கி ஹாஷ் எடுத்தாள். ஒன்பதாவதில் கை நின்றது. மாமாவைக் கூப்பிட்டுத் திரையைப் படிக்கச் சொல்லி, தான் சீட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"பத்து எழுத்து ஒத்துப்போச்சே, போதாதா?"

"போதாது மாமா, படிங்க."

அறுபத்துநான்கையும் படிக்க வைத்துவிட்டுத்தான் தொகுப்பை நிறுவினாள். சர்க்கரை அளவு முன்பே தெரிந்த ஒரு ரத்த மாதிரியை வைத்துப் பார்த்தார்கள். கணக்குச் சரியாக வந்தது.

மாமா பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வராதீங்க. மிஷின் இங்கதான் இருக்கப்போகுது."

அதற்குள் அவள் தொகுப்பை மூன்று இடங்களில் நகலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஹாஷ் எடுத்துக்கொண்டிருந்தாள்.